டைலின் முதுகைத் திருப்பிப் பார்த்தபோது: தண்டையார்பேட்டை வீடு ஒன்றின் நிகழ்வு ஆய்வு

மே மாதம், பிற்பகல் மூன்று மணி. தண்டையார்பேட்டையில் ஒரு மாடி வீட்டின் கூடத்தில் படாரென்று ஒரு சத்தம். சமையலறையில் இருந்த அம்மாள் கேஸ் சிலிண்டர்தான் வெடித்துவிட்டது என்று பதறித் தெருவுக்கு ஓடியிருக்கிறார். சற்று நேரம் கழித்துத் தயங்கித் தயங்கி மாடியேறி வந்து பார்த்தால், கூடத்தின் நடுவே இரண்டு வரிசை டைல்கள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு, ஓட்டுக் கூரையின் முகடு போல எழும்பி நின்றன. அடியில் கைவிரல்களை நுழைக்கலாம். ஒரு டைல்கூட உடையவில்லை. பதித்துப் பதினான்கு மாதங்கள்தான் ஆகியிருந்தன.

மறுநாள் காலை நான் போனேன். வடசென்னையில் தரை வேலைகளை மேற்பார்வை பார்ப்பதும், கெட்டுப்போன தரைகளின் காரணத்தைக் கண்டுபிடிப்பதும் என் தொழில். வீட்டுக்காரர் துறைமுகத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். ஓய்வுபெற்றபோது கைக்கு வந்த பணத்தில்தான் மாடியைப் புதுப்பித்திருக்கிறார். "தம்பி, டைலும் நல்ல டைல், பேஸ்ட்டும் நல்ல பேஸ்ட். எல்லாவற்றுக்கும் பில் வைத்திருக்கிறேன்" என்று ஒரு கோப்பினை நீட்டினார். பாதி விடை அந்தக் கோப்புக்குள்ளேயே இருந்தது. அன்று காலை எனக்கு அது தெரியவில்லை.

வீட்டைப் பற்றிச் சில விவரங்கள். கட்டி முப்பத்தைந்து ஆண்டுகள். மாடிக் கூடம் இருபது அடி நீளம், பன்னிரண்டு அடி அகலம். மேற்கே பெரிய ஜன்னல். மூன்று மணிக்கு மேல் வெயில் நேராகத் தரையில் விழும். கூடத்தை ஒட்டி வெளியே ஒரு பால்கனி, உள்ளே ஒரு குளியலறை. பழைய தரை மொசைக். அதை உடைக்காமல் அதன் மேலேயே 600க்கு 1200 மில்லிமீட்டர் போர்சலின் டைல் ஒட்டியிருந்தார்கள்.

உடைக்காமல் விட்டதைத் தவறு என்று அக்கம்பக்கத்தில் எல்லோரும் சொன்னார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கடற்காற்று அடிக்கும் பகுதியில் முப்பத்தைந்து வயதான கூரைத் தளம் அது. மொசைக்கைக் கொத்தி எடுக்கும் அதிர்ச்சியை அது தாங்க வேண்டும். பிறகு வழக்கம்போல ஒன்றரை அங்குலம் சிமெண்ட் கலவை போட்டால் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 80 கிலோ சுமை ஏறும். பையில் வரும் தூளைத் தண்ணீரில் குழைத்த பசையால் ஒட்டினால் பசையும் டைலும் சேர்ந்தே 30 கிலோவுக்குள் முடிந்துவிடும். கதவுகளின் அடியையும் அதிகம் அறுக்க வேண்டாம். முடிவு சரிதான். அந்த முடிவுக்கு ஏற்ற பசையை எடுக்காததுதான் பிழை.

காரணம் என்று மற்றவர்கள் சொன்னவை

எதிர்வீட்டுக்காரர் கன்டெய்னர் லாரிகளைச் சொன்னார். பக்கத்து வீட்டுக்காரர் மெட்ரோ ரயிலைச் சொன்னார். வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரையிலான மெட்ரோ பாதை 2021 பிப்ரவரியில் திறக்கப்பட்டது முதல், இந்தப் பகுதியில் எந்தச் சுவரில் கீறல் விழுந்தாலும் பழி அதன் தலையில்தான் விழுகிறது. வீட்டுக்காரரோ பசையில் கலப்படம் என்று நம்பினார்.

அதிர்வுதான் காரணம் என்றால் தெருவை ஒட்டிய டைல்கள் முதலில் தளர்ந்திருக்க வேண்டும். ஐந்து ரூபாய் நாணயத்தால் கூடம் முழுவதையும் தட்டிப் பார்த்து, 'டொக்கு டொக்கு' என்று வெற்றொலி வந்த இடங்களைச் சாக்பீஸால் குறித்தேன். தெருவோரத்து வரிசை ஏறக்குறைய நன்றாகவே இருந்தது. ஜன்னலோரமும் நடுக்கூடமும் வடக்குச் சுவர் ஓரமும் வெறும் கூடாக ஒலித்தன.

கலப்படச் சந்தேகத்தைத் தீர்த்தது குளியலறை. அங்கே சுவருக்கு ஒட்டியிருந்தது அதே கடையில், அதே நாளில், அதே பில்லில் வாங்கிய பசை. அந்தச் சுவரில் ஓர் இடத்தில்கூட வெற்றொலி இல்லை. மூலையில் ஒரு டைலை எடுத்துப் பார்க்க வேண்டியிருந்தது. உளி வைத்து அடித்தால் டைல் துண்டு துண்டாக உடைந்ததே தவிர, பெயரவில்லை. ஆக, பசை நல்ல பசை. ஓரிடத்தில் இரும்பாகப் பிடித்தது, பத்தடி தள்ளி விட்டுவிட்டது ஏன் என்பதுதான் கேள்வி.

ஒரு வாளித் தண்ணீர்

குளியலறை டைலின் உடைந்த துண்டு ஒன்றையும் கூடத்து டைலின் துண்டு ஒன்றையும் எடுத்து, வீட்டுக்காரர் முன்பாகவே ஒரு வாளித் தண்ணீரில் போட்டேன். குளியலறைத் துண்டிலிருந்து சிறு குமிழிகள் சரம் சரமாக மேலே வந்தன. சில நிமிடங்கள் நிற்கவே இல்லை. கூடத்துத் துண்டு கூழாங்கல் போல அடியில் கிடந்தது. ஒரு குமிழிகூட இல்லை.

அந்தக் காலத்துக் கொத்தனார்கள் டைலைத் தொட்டியில் ஊறப்போட்டு, குமிழி அடங்கியபின் எடுத்து ஒட்டுவார்கள். அது செராமிக் டைலுக்கான முறை. சுவர் செராமிக் டைல் தன் எடையில் 10 சதவீதத்துக்கு மேலேயே தண்ணீர் குடிக்கும். சிமெண்ட் பால் அந்த நுண்துளைகளுக்குள் புகுந்து, அங்கேயே படிகமாக வளர்ந்து, வேர் விட்டது போலப் பிடித்துக்கொள்ளும். போர்சலின் அப்படியல்ல. நுண்ணிய மாவாக அரைத்த களிமண்ணையும் பெல்ட்ஸ்பார் என்ற கனிமத்தையும் மணலையும் பெரும் அழுத்தத்தில் அழுத்தி, ஏறக்குறைய 1200 டிகிரி சூட்டில் சுட்டு எடுப்பது. டைலுக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 13006 படி 0.5 சதவீதத்துக்கு மேல் அது தண்ணீர் உறிஞ்சக் கூடாது. கடைகளில் விட்ரிஃபைட் என்றும் ஜிவிடி என்றும் விற்பவையும் இந்தக் குடும்பம்தான். சிமெண்ட் வேர் விட அங்கே துளை இல்லை. பிடிப்பு முழுவதும் பசையில் கலந்திருக்கும் பாலிமர் என்ற பிளாஸ்டிக் வகைப் பொருளிலிருந்து வர வேண்டும். தண்ணீர் சேர்த்ததும் அந்தப் பாலிமர்த் தூள் நுண்துகள்களாகப் பரவி, காயும்போது மெல்லிய ஜவ்வாக மாறி, ஒரு பக்கம் சிமெண்ட்டையும் மறுபக்கம் டைலின் வழுவழுப்பான முதுகையும் பற்றிக்கொள்கிறது. பாலிமர் குறைவான பை என்றால் போர்சலினுக்கு அது வெறும் சிமெண்ட்தான்.

கோப்பில் இருந்த பில்லைப் பார்த்தேன். ஏழு பை, 20 கிலோ வீதம், டைல் பசைக்கான இந்தியத் தரமான ஐஎஸ் 15477இல் வகை 1. ஐந்து வகைகள் உள்ள அந்தத் தரத்தில் வகை 1 என்பது தண்ணீர் உறிஞ்சும் செராமிக் டைலுக்கானது. குளியலறைக்கு அது பொருத்தம், அதனால் நின்றது. கூடத்துக்கு அது பொருந்தவே பொருந்தாது.

மூன்று டைல், மூன்று சாட்சி

பசையின் வகை தவறு என்பதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் வகையை மட்டும் மாற்றி மறுபடி அதே முறையில் ஒட்டியிருந்தால் இந்தத் தரை மறுபடி எழும்பியிருக்கும். அதனால்தான் மூன்று இடங்களில் டைலைப் பெயர்த்து, முதுகைத் திருப்பிப் பார்த்தேன்.

முதலாவது, ஜன்னலோரம். டைலைத் தூக்கியதும் தரையில் பசை அப்படியே இருந்தது. பல் கரண்டியால் இழுத்த கோடுகள், ஏர் ஓட்டிய வயலின் சால் போல, ஒன்றும் நசுங்காமல் வரிசையாக நின்றன. டைலின் முதுகில் பசை ஒட்டவே இல்லை. விரலால் தடவினேன், கோலமாவு போல வெள்ளைப் பொடி வந்தது. சூளையில் டைல் உருளைகளோடு ஒட்டிக்கொள்ளாமல் இருப்பதற்காக அடியில் பூசும் பொடி அது. ஈரத் துணியால் துடைத்துவிட்டு ஒட்ட வேண்டும், யாரும் துடைக்கவில்லை. அதைவிடப் பெரிய காரணம் நேரம். பசையைப் பரப்பியபின் டைலை வைப்பதற்கு ஒரு கெடு உண்டு. ஐரோப்பிய தரமான இஎன் 12004 அதைச் சாதாரணப் பசைக்கு 20 நிமிடம் என்றும், கெடு நீட்டிக்கப்பட்ட பசைக்கு 30 நிமிடம் என்றும் வைத்திருக்கிறது. ஆனால் அந்தச் சோதனை நடப்பது 23 டிகிரி வெப்பத்தில், 50 சதவீத ஈரப்பதத்தில், காற்றடிக்காத ஆய்வுக்கூடத்தில். மேற்கு வெயில் விழும் தண்டையார்பேட்டை ஜன்னலோரத்தில் அந்த இருபது நிமிடம் பத்தாகவும் சுருங்கும், ஐந்தாகவும் சுருங்கும். பாலில் ஆடை படிவது போலப் பசையின் மேல் ஒரு தோல் படிந்துவிடும். அதன் மேல் டைலை வைத்து எவ்வளவு தட்டினாலும் ஒட்டாது.

இரண்டாவது, எழும்பி நின்ற நடு வரிசை. இங்கே கதை தலைகீழ். பசை முழுவதும் டைலோடு வந்துவிட்டது. அதன் அடிப்பக்கம் கண்ணாடி போல மின்னியது. கீழே மொசைக்கின் சில்லுகள் பாலிஷ் குலையாமல் அப்படியே இருந்தன. அதன் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டேன். தாமரை இலையில் விட்டது போல உருண்டு நின்றது. முப்பது ஆண்டுகளாக மெழுகும் பினாயிலும் எண்ணெய்ப் பிசுக்கும் ஊறிய தரை. அதைத் தேய்த்து மெழுகை எடுக்காமல், பிரைமர் பூசாமல், பெருக்கித் துடைத்துவிட்டு அப்படியே ஒட்டியிருக்கிறார்கள்.

சத்தத்தோடு எழும்பியதற்குக் காரணமும் இந்த வரிசையில்தான் கிடைத்தது. டைலுக்கும் டைலுக்கும் இடையே காகிதம்கூட நுழையாது. "கோடே தெரியக் கூடாது என்று நான்தான் சொன்னேன், தம்பி" என்றார் வீட்டுக்காரர். சுவரோரத்திலும் இடைவெளி இல்லை. வெள்ளை சிமெண்ட்டால் இறுக அடைத்திருந்தார்கள். போர்சலின் ஒரு மீட்டருக்கு, ஒரு டிகிரி வெப்பம் கூடினால், ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஏழு பங்கு நீளும். இருபது அடிக் கூடம் ஆறு மீட்டர். பதித்த நாளைவிடத் தரை 15 டிகிரி கூடுதலாகச் சூடேறினால் மொத்த நீட்சி 0.6 மில்லிமீட்டர் சொச்சம். இவ்வளவுதானா என்று தோன்றும். ஆனால் இரு பக்கமும் சுவர் நெருக்க, அடியில் பிடிப்பும் இல்லாதபோது, அந்த 0.6 மில்லிமீட்டர் முழுவதும் 1200 மில்லிமீட்டர் நீளமுள்ள இரண்டு டைல்களின் முட்டில் வந்து சேர்ந்தால், அந்த முட்டு 27 மில்லிமீட்டர் உயரும். அன்று நான் அளந்தது ஒரு அங்குலம். இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான்.

மூன்றாவது, வடக்குச் சுவர் ஓரம். நான்கு மூலைகளிலும் நடுவிலும் ஐந்து உருண்டைகள். மற்ற இடமெல்லாம் வெற்றிடம். கூடத்துக்கு ஒதுக்கிய பசை தீர்ந்துகொண்டிருந்ததை இது காட்டுகிறது. கணக்கும் அதையே சொல்கிறது. ஒரு மில்லிமீட்டர் கனத்துக்குச் சதுர மீட்டருக்குச் சுமார் ஒன்றரை கிலோ பசை பிடிக்கும். இவ்வளவு பெரிய டைலுக்கு, அழுத்தியபின் ஐந்து மில்லிமீட்டராவது பசைப் படுகை வேண்டும். 240 சதுர அடிக்கு எட்டுப் பைக்கு மேல் வரும். டைலின் முதுகில் பூசுவதையும் சேர்த்தால் பத்து. கூடத்துக்குப் போனது நான்கு. சராசரிக் கனம் இரண்டரை மில்லிமீட்டருக்கும் குறைவு. பில்லைப் பார்த்த அன்றே இதைக் கணக்குப் போட்டிருக்கலாம்.

பால்கனியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மீதியிருந்த ஒரு பையோடு சிமெண்ட்டும் மணலும் சேர்த்து, வீட்டின் போர் தண்ணீரில் கலந்து ஒட்டியிருந்தார்கள். சிமெண்ட் சேர்க்கச் சேர்க்கப் பாலிமரின் பங்கு குறைந்துகொண்டே போகும். அது கூடுதல் பலம் என்று நினைப்பது மிகப் பரவலான தவறு. போதாததற்கு அந்தத் தண்ணீரில் நாக்கில் வைத்தாலே தெரியும் உப்பு. இணைப்புகளின் ஓரமெல்லாம் வெள்ளை பூத்திருந்தது. கையாலேயே டைல்களை எடுத்து அடுக்கிவிட்டோம்.

மேஸ்திரி

வேலை செய்த மேஸ்திரியை வரச் சொன்னேன். வியாசர்பாடிக்காரர், முப்பது ஆண்டு அனுபவம். ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னார். "சார், டைலுக்குப் பேஸ்ட் வேண்டும் என்று கடையில் கேட்டேன், இதைக் கொடுத்தார்கள். எந்த டைல், எங்கே ஒட்டப்போகிறீர்கள் என்று அவர்களும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பையின் பின்னால் இருப்பதெல்லாம் இங்கிலீஷ்."

அவருடைய மட்டம் பிசகவே இல்லை. பன்னிரண்டு அடி மட்டக்கோல் வைத்துப் பார்த்தேன். அடியில் ஒளி தெரியவில்லை. சிமெண்ட் கலவையில் டைல் பதிப்பதில் அவர் தேர்ந்த கை. டைல் மாறிவிட்டது, பசை வந்துவிட்டது. அவருக்கு யாரும் உட்கார்ந்து சொல்லித்தரவில்லை. பொறியாளர்களும் கடைக்காரர்களும் செய்யத் தவறிய வேலை இது. அவரை மாற்ற வேண்டாம் என்று வீட்டுக்காரரிடம் கேட்டுக்கொண்டேன். பெரியவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "சரி, நீங்கள் கூட நில்லுங்கள்" என்றார்.

எதைத் தேர்ந்தோம், ஏன்

பசையைத் தேர்ந்தெடுக்கும்போது நான் முதலில் விசாரிப்பது அடியில் இருக்கும் தரையைத்தான். பிறகு டைல். பிறகு அந்த இடம் படப்போகும் பாடு: வெயிலா, ஈரமா, ஆட்டமா. பிராண்ட் அதற்கெல்லாம் பின்னால்தான் வரும்.

கூடத்தில் அடியில் இருப்பது உறிஞ்சாத மொசைக், மேலே வருவது உறிஞ்சாத போர்சலின். நடுவில் சிக்கும் ஈரம் மெதுவாகத்தான் வெளியேறும், பசை மெதுவாகத்தான் இறுகும். வெயிலால் இரண்டும் வெவ்வேறு அளவில் அசையும். ஆகவே பிடிப்பும் வேண்டும், வளைந்துகொடுக்கும் தன்மையும் வேண்டும். இஎன் 12004 குறியீட்டில் சி2 இ எஸ்1 உள்ள பையை எடுத்தோம். சி1 பசையின் பிடிப்பு சதுர மில்லிமீட்டருக்கு 0.5 நியூட்டன் இருந்தாலே தேறிவிடும். சி2 என்றால் 1 நியூட்டன் வேண்டும். இ என்பது 30 நிமிடக் கெடு. எஸ்1 என்பது, இறுகிய பசைப் பட்டை முறியாமல் இரண்டரை முதல் ஐந்து மில்லிமீட்டர் வரை வளையும் என்பதற்கான குறி. டி என்று இருந்தால் சுவரில் வழுக்கி இறங்காது. தரைக்கு அது கட்டாயமில்லை. எஃப் என்பது விரைவில் இறுகுவது. சென்னை வெயிலில் அதை நான் தொடவே மாட்டேன். ஐஎஸ் 15477 மட்டும் அச்சிட்ட பை என்றால், இத்தகைய தரைக்கு எஸ் குறியோடு வகை 3க்குக் கீழே நான் இறங்குவதில்லை. மொசைக்கோ பழைய டைலோ இல்லாத சாதாரண சிமெண்ட் தரை, வெயில் படாத அறை, இரண்டடிக்கு இரண்டடி போர்சலின் என்றால் வகை 2 போதும். தேவையில்லாத இடத்தில் விலை கூடிய பையை வாங்கச் சொல்வதும் தவறுதான்.

முன்பு வாங்கியதைவிட ஒரு பைக்கு இரண்டு மடங்குக்கு மேல் விலை. பெரியவருக்கு அது கனமாகத்தான் இருந்தது. உடையாமல் எடுத்த டைல்களைச் சுரண்டிச் சுத்தம் செய்து மறுபடி பயன்படுத்தியதில் ஓரளவு ஈடுகட்டினோம்.

மறுபடி ஒட்டியது

மொசைக்கை இயந்திரத்தால் தேய்த்தோம். சொட்டுத் தண்ணீர் உருளாமல் பரவும்வரை தேய்க்க வேண்டும் என்பதுதான் அளவு. வெற்றொலி வந்த இரண்டு மொசைக் பகுதிகளை மட்டும் கொத்தி எடுத்து, ஒட்டுப்போட்டு ஆறவிட்டோம். தூசியை உறிஞ்சி எடுத்து, அதே நிறுவனத்தின் பிரைமரைப் பூசினோம். முழு வேலையைத் தொடங்குமுன் இரண்டு டைலை மட்டும் ஒட்டி இரண்டு வாரம் விட்டேன். மேஸ்திரியே உளி வைத்துப் பெயர்த்துப் பார்த்தார். டைல் பிளந்தது, பசையோ தரையை விடவில்லை. அவர் முகத்தில் தெரிந்த நிம்மதியை நான் மறக்க மாட்டேன்.

அதன்பின் வேலை தினமும் காலை ஆறு மணிக்குத் தொடங்கிப் பதினொன்றுக்கு முடிந்தது. ஜன்னலில் நனைத்த கோணிச் சாக்கைத் தொங்கவிட்டோம். கலக்கக் குடிநீர் வாரியத்தின் மெட்ரோ தண்ணீர் மட்டுமே. பையில் அச்சிட்ட அளவுக்கு மேல் ஒரு குவளைகூட இல்லை. அரைப் பை அரைப் பையாகக் கலந்து, ஐந்து நிமிடம் ஆறவிட்டு, தண்ணீர் சேர்க்காமல் மறுபடி ஒருமுறை கலக்கினோம். இறுகத் தொடங்கிய கலவைக்குத் தண்ணீர் தெளித்து உயிர் கொடுக்கும் பழக்கத்தை விடுவதுதான் மேஸ்திரிக்கு மிகக் கடினமாக இருந்தது. இரண்டு முறை கை தானாக வாளிக்குப் போனது. பன்னிரண்டு மில்லிமீட்டர் பல் கரண்டியால் ஒரே திசையில் கோடு இழுத்து, டைலின் முதுகைத் துடைத்து, அதிலும் மெல்லியதாகப் பசை தேய்த்து, வைத்தபின் கோட்டுக்குக் குறுக்காக முன்னும் பின்னும் அசைத்து அழுத்தினார்கள். அப்போதுதான் சாலுக்குள் அடைபட்ட காற்று வெளியேறிக் கோடுகள் படிந்து ஒன்றாகும். ஒரு டைல் 15 கிலோ. இரண்டு பேர் இல்லாமல் இதைச் செய்ய முடியாது.

ஒவ்வொரு பத்து டைலுக்கும் ஒன்றை உடனே தூக்கிப் பார்த்தோம். உள்ளறையில் 80 சதவீதமாவது பசை படிந்திருக்க வேண்டும், ஈரமான இடத்திலும் வெளியிலும் 95 என்பது பல நாடுகளில் ஏற்றுக்கொண்ட அளவு. முதல் நாள் தூக்கியதில் ஒரு மூலை வெறுமையாக இருந்தது. இரண்டாம் நாளிலிருந்து இல்லை. பசைக் கோட்டை விரலால் தொட்டால் விரலில் ஒட்ட வேண்டும். ஒட்டாவிட்டால் சுரண்டி எறிய வேண்டும் என்று சித்தாள்களுக்கும் சொல்லிவைத்தோம். மூன்றாம் நாள் ஜன்னலோரத்தில் ஓர் இளம் சித்தாள் தானாகவே, "அண்ணே, இது காய்ந்துவிட்டது" என்று மேஸ்திரியை நிறுத்தினாள். அவர் மறுபேச்சின்றிச் சுரண்டி எடுத்தார்.

டைலுக்கு நடுவே மூன்று மில்லிமீட்டர் இடைவெளி காக்கும் ஸ்பேசர். சுவரைச் சுற்றி எட்டு மில்லிமீட்டர் இடைவெளி விட்டு, சுவரடியில் ஒட்டும் ஸ்கர்ட்டிங் டைல் அதை மறைக்கும்படி செய்தோம். கூடத்தின் நீளத்தில் பாதியில், ஒரு இணைப்பில் மட்டும் சிமெண்ட் பொடிக்குப் பதில் அதே நிறத்தில் நெகிழும் சீலன்ட். கோடு தெரிகிறதே என்று பெரியவர் முதலில் வருந்தினார். பால்கனியில் தண்ணீர் ஓடும் சாய்வை முதலில் சரிசெய்து, நீர்த்தடுப்புப் பூச்சு கொடுத்து, சிறிய டைலாக மாற்றி, அதே சி2 எஸ்1 பசையால் ஒட்டினோம்.

ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் கடந்தபின், சென்ற ஜூன் மாதம் அதே ஐந்து ரூபாய் நாணயத்தோடு போனேன். கூடம் முழுவதும் தட்டியதில் பால்கனிக் கதவருகே ஒரே ஒரு டைலின் ஓரத்தில் லேசான வெற்றொலி. ஓரங்கள் அசையவில்லை, இணைப்பில் கீறல் இல்லை. அந்த இடத்தைப் படம் எடுத்து, அளவு குறித்து, பெரியவரின் கோப்பில் பில்லுக்குப் பின்னால் சேர்த்தேன். ஐப்பசி மழை முடிந்ததும் மறுபடி தட்டிப் பார்க்க வருவதாகச் சொல்லியிருக்கிறேன்.